கிணற்றைக் கேட்டு மீனை வாங்குவோம்

வீட்டில் மீன்தொட்டி வைப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. தீவகத்தில் வாழும் எங்களுக்கோ பணத்தைவிடப் பெரிய கேள்வியொன்று இருக்கிறது. "குடிக்கிற தண்ணிக்கே வரிசையில நிக்கிறம், இதுக்குள்ள மீனுக்கும் தண்ணியா?" என்று என் உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை எல்லாமே சுண்ணாம்புக்கல் நிலங்கள். மழைநீர் கல்வெடிப்புகளினூடாக இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதே காரணம். புவியியலில் இதனை நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது இருக்கும் என்பது கணிப்பு. மேலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் ஏறிவிடும். எனவே மீனுக்காக ஒரு வாளி தண்ணீரையும் வீணாக்கக்கூடாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 60 சென்றிமீற்றர் நீளம், 30 சென்றிமீற்றர் அகலம் உள்ள தொட்டியில் 25 சென்றிமீற்றர் உயரத்துக்கு நீர் விட்டால் 45 லீற்றர். கிழமைக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அதில் ஐந்திலொரு பங்கு, அதாவது 9 லீற்றர். ஒரு வாளி! வெளியே எடுக்கும் நீரில் மீனின் கழிவிலிருந்து உண்டான நைத்திரேற்று கலந்திருக்கும். அது பயிருக்கு உரம். எங்கள் வீட்டில் அதை முருங்கைக்கும் மிளகாய்க் கன்றுக்கும் ஊற்றுகிறோம். எப்படியும் மரத்துக்குப் போகவிருந்த தண்ணீர், வழியில் கொஞ்ச நாள் தொட்டியில் தங்கிச் செல்கிறது. அவ்வளவுதான். பவுசரில் வரும் குடிநீரை மீனுக்குத் தொடவே தேவையில்லை.

அப்படியானால் குடிக்க உதவாத கிணற்றுநீரில் எந்த மீன் வாழும்? இதுதான் முக்கியமான கேள்வி. கடையில் அழகான மீனைக் கண்டு வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற தண்ணீரைத் தேடுவது பணத்தைக் கரைக்கும் வழி. நியோன் டெற்றா போன்றவை அமேசன் பகுதியின் மென்னீர் மீன்கள். எங்கள் கிணற்றுநீரிலோ கல்சியம் அதிகம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லும், சவர்க்காரம் நுரைக்காமல் திரைவதும் அதற்குச் சாட்சி. வன்னீரை விரும்பும் மீன்களும் உண்டு. கப்பி, மொலி, பிளாற்றி, வாள்வால் ஆகிய நான்கும் அத்தகையவை. நான்கும் குட்டி போடுபவை. விலையும் குறைவு. மொலி ஓரளவு உவர்நீரையும் தாங்கும். கிணற்றில் உப்புச்சுவை தெரிந்தால் மொலியே ஏற்றது. திரினிடாட்டில் வாழ்ந்த ரொபேட் கப்பி என்பவர் 1866 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்த மீனே இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

தங்கமீன் வேண்டும் என்று என் தம்பி அடம்பிடித்தான். தங்கமீன் 15 சென்றிமீற்றருக்கும் மேல் வளரும், கழிவும் அதிகம். சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் அதை விடுவது சிறையிடுவதற்குச் சமம் என்று விளக்கினேன். இறுதியில் கப்பிக்கு உடன்பட்டான்.

அடுத்தது செலவு. பணம் போடவேண்டிய இடங்கள் மூன்றே. கசியாத தொட்டி ஒன்று, சிறிய காற்றுப்பம்பி ஒன்று, அதனோடு பொருந்தும் பஞ்சு வடிகட்டி ஒன்று. 5 வாற்று பம்பி இரவுபகலாக ஓடினாலும் மாதத்துக்கு 3.6 அலகு மின்சாரமே செலவாகும். எமது காலநிலையில் சூடாக்கி தேவையில்லை. மூடிக்கு நுளம்புவலைத் துண்டு போதும். செடிக்கு ஐதரில்லா சிறந்தது. ஒளித்தொகுப்புப் பரிசோதனையில் நாம் பயன்படுத்தும் அதே தாவரம். அது நீரிலுள்ள இருகாபனேற்றையும் பயன்படுத்த வல்லது என்பதால் வன்னீரில் செழிக்கும். நீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் 60 கிலோவை நெருங்கும். ஆகவே ஆடாத மேசையில், வெயில் நேராக விழாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.

தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடக்கூடாது. கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், நீரை அகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டே ஊற்ற வேண்டும். பிறகு நாளுக்கு ஒரு சிட்டிகை மீனுணவை இட்டு, மீனில்லாமலே வடிகட்டியை ஓட விடுங்கள். உணவு அழுகி அமோனியா உண்டாகும். அதை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும் இன்னொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். இந்தப் பொறுமைக்கு விலை கிடையாது. ஆனால் பல மீன்களின் உயிரைக் காக்கும். பஞ்சைக் கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே கழுவினால் அவை அழியாது.

இரசாயனவியல் படிக்கும் தோழியருக்கு ஒரு குறிப்பு. நீரில் அமோனியம் அயனும் அமோனியாவும் சமநிலையில் உள்ளன. காரத்தன்மை கூடக்கூடச் சமநிலை அமோனியாவின் பக்கம் நகரும். நச்சு அதுவே. எங்கள் நீர் காரத்தன்மையுடையது. ஆகவே அளவுக்கு மீறிய தீனி மற்ற இடங்களைவிட இங்கே ஆபத்தானது. இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே போதும்.

யாழ்ப்பாண நகரில் மீன் வாங்கி, பண்ணைப் பாலம் கடந்து, குறிகட்டுவானில் படகேறி வருவது நீண்ட பயணம். பையில் மூன்றிலொரு பங்கு நீரும் மீதி காற்றும் இருக்குமாறு கட்டித்தரச் சொல்லுங்கள். ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தால் வெயில் தாக்காது. வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டிநீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்த பிறகு மீனை விடுங்கள்.

முதலில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் போதும். கப்பி ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். பெருக்கம் வேண்டாமென்றால் ஆண் மீன்களை மட்டும் வளர்க்கலாம். நிறம் மிகுந்தவையும் அவையே. மிஞ்சும் குஞ்சுகளை அயல் வீடுகளின் சீமெந்துத் தொட்டிகளுக்குக் கொடுங்கள். கப்பிகள் நுளம்புக் குடம்பிகளை விரும்பி உண்பதால், மாரி காலத்து டெங்கு அபாயத்தைக் குறைக்க அவை உதவும். ஆனால் குளத்திலோ கேணியிலோ விடவேண்டாம். அங்குள்ள நாட்டு மீன்களின் குஞ்சுகளுக்கும் உணவுக்கும் அவை போட்டியாகிவிடும்.

மீன் வாயில்லாச் சீவன். பசியையும் நோவையும் எடுத்துச்சொல்ல அதற்கு வழியில்லை. நம் கைக்கு வந்தபின் அது ஓர் அமானிதம். எனவே மீன் வளர்க்க ஆசைப்படும் தோழியர், கடைக்குப் போவதற்கு முன் ஒரு போத்தலில் உங்கள் கிணற்றுநீரை எடுத்துச் சுவைத்துப் பாருங்கள், சவர்க்காரமிட்டுக் குலுக்கிப் பாருங்கள். எந்த மீனை வாங்கலாம் என்பதை அந்தத் தண்ணீர் சொல்லும்.