ஒரே பிலிமில் ஒரு கச்சேரி

கோயமுத்தூர் பட்சிராஜா நிறுவனத்தார் தயாரித்து, எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கி, 1944-இல் வெளிவந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்திலே, நடுவில் அமர்ந்து பாடுகிறவரும் பி. யு. சின்னப்பா, அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் பி. யு. சின்னப்பா என்று அமைந்த கச்சேரிக் காட்சி, அந்நாளைய ரசிகர்களைப் பிரமிக்க வைத்தது. அதற்கு முன்பே, 1940-இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த 'உத்தம புத்திர'னில் அதே சின்னப்பா இரட்டை வேடம் பூண்டிருந்தார். ஆகவே தமிழ்நாட்டுத் தந்திரப் படப்பிடிப்பின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கொங்கு நாட்டிலிருந்து தொடங்குவதே நியாயம்.

இத்தகைய காட்சிகளுக்கு அக்காலத்தில் கையாளப்பட்ட வித்தையின் சூட்சுமம் இருட்டில் இருக்கிறது. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டுமே பிலிம் மாறுதலடையும். படாத இடம் மறு பிம்பத்துக்காகக் காத்திருக்கும். லென்ஸுக்கு முன்னால் கறுப்புத் தகடு வைத்துப் பாதியை மறைத்து, மறுபாதியில் நடிகரைப் படமெடுத்து, பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, தகட்டை இடம் மாற்றி, வேஷம் மாறி வந்த அதே நடிகரை மீண்டும் எடுப்பார்கள். இடையில் காமிரா மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு விழும். நடிகரின் கை எல்லையைத் தாண்டினால் விரல்கள் அந்தரத்தில் மறையும். கச்சேரியானாலோ தாளமும் பிசகலாகாது. இத்தனையும் சரியாக அமைந்ததா என்பது பிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். கடைசித் தடவையில் நேர்ந்த சிறு பிழை, முன்னே எடுத்தவை அனைத்தையும் பாழாக்கிவிடும். பிரான்ஸில் ஜார்ஜ் மெலியே என்பவர் 1900-லேயே ஏழு வாத்தியக்காரர்களாகத் தாமே தோன்றிக் காட்டியிருந்தாலும், அது பேசாப் படம்.

தகடே இல்லாமல் பிம்பத்தின்மேல் பிம்பம் படியவிடுவது, தனிப் புகைப்படக்காரர்களுக்கு உகந்த வழி. நொய்யல் கரைப் பனைமரமொன்றை மாலை வானத்துக்கு எதிரே கருநிழலாக எடுத்து, அதே பிலிமில் சேலையின் சரிகைக் கரையை எடுத்தால், பிரகாசமான வானம் சரிகையை விழுங்கிவிட, மரத்தின் இருண்ட உடலுக்குள் மட்டும் அது துலங்கும். இரண்டு முறை எடுப்பதானால் பொதுவாக ஒவ்வொன்றுக்கும் பாதி வெளிச்சம் போதும். ஒன்றின் ஒளிமிகுந்த பகுதி மற்றதன் இருளில் விழுமானால் அந்தக் குறைப்பும் அதிகம் வேண்டுவதில்லை.

கணினியில் படங்களை அடுக்குவதை நான் குறைகூறவில்லை. ஆயினும், ஷட்டரை அழுத்துமுன் எதை இருளில் விட வேண்டும் என்று மனத்துக்குள் தீர்மானித்துக்கொள்ளும் பயிற்சியைக் காமிராவுக்குள் அடுக்குவதே தருகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இன்றைய டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றில் 'மல்டிபிள் எக்ஸ்போஷர்' என்ற வசதி உண்டு. ஜன்னலை அடைத்து, பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, காமிராவை முக்காலியில் இறுக்கி, ஒரே முகத்தை இரண்டு இடங்களில் எடுத்துப் பாருங்கள்.