துப்பாக்கி ஏந்தாத கேப்டன்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். சண்டைக்கென்றே இருக்கிற படையில் பாதிரியாருக்கும் பண்டிதருக்கும் என்ன வேலை என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஏற்பாடு பழையது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்வதற்கு ஓராண்டு முன்பே, 1775 ஜூலையில், அதன் படையில் குருமாருக்குச் சம்பளம் நிர்ணயித்துவிட்டார்கள். பிரிட்டன் 1796இல் இதற்கென்று தனித் துறையே தொடங்கியது. முதலில் கிறிஸ்தவர்கள் மட்டும்தான். அமெரிக்கப் படையில் யூத குரு 1862இல் வந்தார். இஸ்லாமிய இமாம் வர 1993 ஆனது.

முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாயின் பெல்ட் கொக்கியில் ‘கடவுள் நம்மோடு’ என்று பொறித்திருந்தது. எதிர்ப்பக்கத்துப் பதுங்குகுழிகளிலும் அதே கடவுளிடம்தான் வெற்றி கேட்டார்கள். கொலைக்குப் புனிதம் பூசுகிறவர்கள் என்று படைக் குருமார்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டை அதனால்தான் என்னால் தள்ள முடியவில்லை. ஆனால் அவர்கள் வேலை அதோடு முடிவதில்லை.

அமெரிக்கப் படையில் குரு ஆயுதம் ஏந்துவதில்லை. சிப்பாய் மனம்விட்டுச் சொன்னதை மேலதிகாரி கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது. வீட்டுச் சண்டை, பயம், சாகத் தோன்றுகிற எண்ணம் எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி, எதிரியிடம் பிடிபட்டாலும் அவர் போர்க் கைதி ஆக மாட்டார். பிடிபட்ட வீரர்களுக்குத் தேவைப்படும் வரைதான் அவரை வைத்திருக்கலாம்.

சட்டம் இப்படி. களத்தில் எப்படி என்று தெரிய எமில் கபானைத் தெரிந்துகொள்ள வேண்டும். கான்சாஸ் மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, கத்தோலிக்க குரு, படையில் கேப்டன். கொரியப் போரின்போது, 1950 நவம்பர் தொடக்கத்தில், வட கொரியாவின் உன்சானில் சீனப் படை அவருடைய பட்டாலியனைச் சூழ்ந்துகொண்டது. தப்பிக்க வழி இருந்தும், காயம்பட்டவர்களை விட்டுவிட்டு அவர் நகரவில்லை. கணுக்கால் உடைந்து கிடந்த சார்ஜெண்ட் ஹெர்பர்ட் மில்லரைச் சுட ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான். கபான் நேராகப் போய் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கைதிகளோடு கைதியாகத்தான்.

யாலு ஆற்றங்கரை முகாமில் பசியும் வயிற்றுக்கடுப்பும் ஆட்களைக் கொண்டுபோயின. ஜெனீவாவில் எழுதியது அங்கே யாருக்கும் உதவவில்லை. கபான் தகரத்தைத் தட்டிப் பாத்திரம் செய்தார், தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார், எழ முடியாதவர்களின் அழுக்குத் துணியைத் துவைத்தார். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளனிடம் வேண்டிக்கொண்டு, காவலர்களின் தானியத்தைத் திருடிவந்து பங்கிட்டார். பிரசங்கத்தைவிட அந்தத் திருட்டைத்தான் நான் பெரிய வழிபாடாக நினைக்கிறேன். 1951 மே 23 அன்று முகாமிலேயே இறந்தார், வயது 35. பிறகு அங்கே கொண்டுவரப்பட்ட ஒரு யூத விமானி, தான் பார்த்தேயிராத அந்தப் பாதிரியாரைப் பற்றிக் கேள்விப்பட்டு, விறகுக் கட்டையில் ஒரு சிலுவை செதுக்கினார். கபானுக்கு அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கம் 2013இல்தான் வந்தது. விழாவுக்கு மில்லரும் வந்திருந்தார்.

நம் ராணுவத்திலும் இந்தப் பணி உண்டு. பண்டிட், கிரந்தி, மௌலவி, பாதிரியார், பௌத்த துறவி என்று யூனிட்டில் இருப்பவர்களின் சமயத்துக்கு ஏற்ப நியமிக்கிறார்கள். நாயப் சுபேதார் பதவி. ‘ரிலிஜியஸ் டீச்சர்’ என்று பெயர். பூஜை, தொழுகை நடத்துவதோடு அவர்கள் கடமை தீராது. ஆஸ்பத்திரியில் கிடப்பவரையும் தண்டனையில் இருப்பவரையும் போய்ப் பார்க்க வேண்டும். இறந்தவருக்கு ஈமக் கடன் செய்துவைக்க வேண்டும். உங்கள் உறவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால், சண்டைக் கதையோடு சேர்த்து அவருடைய யூனிட்டின் சமய ஆசிரியரைப் பற்றியும் கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள், அவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.