கண் சொட்டு மருந்து தயாராகும் அறையில் காற்று எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும்?

வாய்வழியாக உட்கொள்ளும் மாத்திரையில் சில நுண்ணுயிரிகள் இருந்தாலும் வயிற்றின் அமிலம் அவற்றில் பெரும்பகுதியை அழித்துவிடும். கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கும் ரத்த நாளத்தில் செலுத்தும் ஊசி மருந்துக்கும் அத்தகைய தடுப்பு கிடையாது. ஆகவே, இம்மருந்துகள் குப்பிகளில் நிரப்பப்படும் அறையின் காற்றுக்கும் சட்டப்பூர்வமான அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன.

இதன் முக்கியத்துவத்தை 2023ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று உணர்த்தியது. சென்னையை மையமாகக் கொண்ட குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம், அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்த செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தை அவ்வாண்டு பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தகவலின்படி, மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் பாக்டீரியாவால் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 4 பேர் உயிரிழந்தனர். 14 பேர் பார்வை இழந்தனர். திறக்கப்பட்ட குப்பிகளில் அதே வகை பாக்டீரியா கண்டறியப்பட்டது. போதிய நுண்ணுயிர்ப் பரிசோதனை இல்லாதது, பலமுறை பயன்படுத்தும் குப்பியில் போதிய பதப்படுத்தும் பொருள் இல்லாதது உள்ளிட்ட குறைகளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சுட்டிக்காட்டியது. எனினும், தாங்கள் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை எனத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர்.

2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மிட்னாபூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற பெண் ஒருவர் உயிரிழந்தபோது, நரம்புவழி செலுத்தப்பட்ட ரிங்கர்ஸ் லாக்டேட் திரவத்தின் தரம் கேள்விக்குள்ளானது. அலட்சியம் காட்டியதாகக் கூறி 12 மருத்துவர்களை மாநில அரசு பணியிடை நீக்கம் செய்தது.

தூய அறை என்றால் என்ன?

காற்றிலுள்ள துகள்களின் எண்ணிக்கை, வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவை கட்டுப்படுத்தப்படும் அறையே 'கிளீன்ரூம்' எனப்படும் தூய அறை. வடிகட்டிய காற்றை ஒரே திசையில் சீராகப் பாயச் செய்யும் முறையை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் வில்லிஸ் விட்ஃபீல்ட் உருவாக்கினார்.

தற்போது உலகெங்கும் பின்பற்றப்படும் ஐஎஸ்ஓ 14644 தரநிலை, தூய அறைகளை 1 முதல் 9 வரை வகைப்படுத்துகிறது. எண் குறையக் குறையத் தூய்மை கூடும். ஐந்தாம் வகையில், ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரான் அல்லது அதைவிடப் பெரிய துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வகைக்கும் இந்த வரம்பு பத்து மடங்காக உயர்கிறது. ஏழாம் வகையில் 3,52,000. எட்டாம் வகையில் 35,20,000.

மருந்து ஆலைகளில் நான்கு தரங்கள்

நுண்ணுயிரற்ற மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகளில் ஏ, பி, சி, டி என்ற தரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. திறந்த குப்பியில் மருந்து நிரப்பப்படும் இடம் 'ஏ'. அதைச் சூழ்ந்த அறை 'பி'. கரைசல் தயாரிப்பு போன்ற முந்தைய கட்டப் பணிகளுக்கு 'சி', 'டி' தரங்கள் போதுமானவை.

அறை வெறுமையாக இருக்கும்போதும் பணி நடக்கும்போதும் தனித்தனி வரம்புகள் உண்டு. மனிதரின் தோலிலிருந்தும் உடையிலிருந்தும் ஓயாமல் துகள்கள் உதிர்வதே இதற்குக் காரணம். 'பி' தர அறையில் ஆள் இல்லாதபோது 3,520 துகள்கள் வரை அனுமதி. பணியின்போது 3,52,000 வரை அனுமதி. 'ஏ' தரத்திலோ இரு நிலைகளிலும் 3,520 மட்டுமே.

வடிவமைப்பில் என்ன தேவை?

0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டிகள் முதல் தேவை. 'ஏ' பகுதியில் காற்று விநாடிக்குச் சுமார் 0.45 மீட்டர் வேகத்தில் ஒரே திசையில் பாய வேண்டும். தூய்மை மிகுந்த அறையில் காற்றழுத்தம் அடுத்த தர அறையைவிடப் பொதுவாக 10 முதல் 15 பாஸ்கல் கூடுதலாக இருக்கும். இதனால் கதவு திறக்கும்போது காற்று வெளியேறுமே தவிர, அசுத்தக் காற்று உள்ளே வராது. அறைகளுக்கு இடையே இரு கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்காத இடைவழி அமைக்கப்படும். சுவர்கள் விரிசலின்றி வழவழப்பாக இருக்க வேண்டும். 'ஏ', 'பி' பகுதிகளில் கைகழுவும் தொட்டிக்கும் வடிகாலுக்கும் அனுமதி இல்லை.

குளுக்கோஸ், உப்புக் கரைசல் போன்றவற்றை நிரப்பிய பின் உயர் வெப்பத்தில் கிருமி நீக்கம் செய்யலாம். ஆனால், இறந்த பாக்டீரியாவின் நச்சு அந்த வெப்பத்தால் அழியாது. அது காய்ச்சலையும் அதிர்ச்சி நிலையையும் உண்டாக்கக் கூடும். எனவே, பின்னர் சூடாக்கலாம் என்பதற்காகத் தூய்மையைத் தளர்த்த இயலாது. வெப்பம் தாங்காத மருந்துகளுக்கோ நிரப்பும் அறையின் தூய்மையே இறுதி அரண்.

சிறு நிறுவனங்களுக்குச் சவால்

மத்திய அரசு 2023 டிசம்பர் 28 அன்று மருந்து விதிகளின் 'எம்' அட்டவணையைத் திருத்தி அறிவிக்கை வெளியிட்டது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு 6 மாத அவகாசம் வழங்கப்பட்டது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அவகாசம் 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. காற்றோட்டக் கருவிகளை நாள் முழுவதும் இயக்குவதற்கான மின்செலவும், வடிகட்டிகளைச் சோதித்து மாற்றும் செலவும் சிறு ஆலைகளுக்குப் பெரும் சுமையாகும்.

நுகர்வோர் குப்பியைப் பார்த்து இத்தூய்மையை அறிய இயலாது. முத்திரை உடைந்த, கலங்கிய அல்லது காலாவதியான மருந்தைத் தவிர்ப்பது மட்டுமே அவர்களால் இயலும். எஞ்சிய பொறுப்பு முழுவதும் ஆலையின் அன்றாடப் பதிவேடுகளையும் அவற்றைச் சரிபார்க்கும் ஆய்வாளர்களையும் சார்ந்தது.