நாற்காலி மட்டும் போதுமா?



“ஒரு சக்கர நாற்காலி வாங்க எவ்வளவு அனுப்ப வேண்டும்?” என்று காணிக்கை அனுப்புகிறவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அரசு வாங்கினாலும் திருச்சபை வாங்கினாலும் நாற்காலியின் விலையோடு கணக்கு முடிவதில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். முத்துக்குளிப்பு நின்று பல ஆண்டுகளாகியும், சங்கு குளிப்போர் இன்றும் கடலுக்குள் இறங்குகிறார்கள். குழாய் வழியே அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசித்து, ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலேறினால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகித் தண்டுவடத்தைத் தாக்கலாம். அப்போது கால்கள் செயலிழந்து, உணர்வும் போகக்கூடும்.

உணர்வற்றவர் அளவு பொருந்தாத நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் புண் வருவதே தெரியாது. அது எலும்புவரை சென்று, கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில் எட்டுப் படிகளைக் கூறியது: பயனாளியை அனுப்பிவைத்தல், பரிசோதித்து அளவெடுத்தல், ஏற்ற நாற்காலியைக் குறித்தல், பண ஏற்பாடு, நாற்காலியைத் தயாரித்தல், உடலுக்குப் பொருத்துதல், பயிற்சி, தொடர்ந்து கவனித்துப் பழுதுபார்த்தல்.

நம் நாட்டில் 1981 முதல் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டம் உதவி உபகரணங்களை வழங்கி வருகிறது. கான்பூரிலுள்ள அலிம்கோ நிறுவனம் அவற்றைத் தயாரிக்கிறது. ஊர்தோறும் முகாம்களால் பயனடைந்தோர் ஏராளம். முகாம் முடிந்த பின்பு வரும் நாட்களுக்குத்தான் ஏற்பாடு தேவை. கடற்கரை மணலில் சிறிய முன்சக்கரம் புதைகிறது; உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடிக்கிறது. எனவே நாற்காலி வாங்கும் ஒப்பந்தத்திலேயே குஷன், பிசியோதெரபி பயிற்சி, உதிரிபாகம், அருகிலேயே பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் சேர்த்து, அவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

இப்படித் தொடர்ந்து கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரே சாட்சி. 1954-இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே முன்னின்றார்.

அடுத்த முறை காணிக்கை அனுப்பும்போது, “எத்தனை நாற்காலிகள் கொடுத்தீர்கள்?” என்பதோடு, “சென்ற ஆண்டு கொடுத்தவற்றில் எத்தனை இன்றும் ஓடுகின்றன?” என்றும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.