தப்புக்கு ஒரு நோட்டு

மேல்படிப்புக்கோ நர்ஸ் உத்தியோகத்துக்கோ வெளிநாடு போக எண்ணி, ஐயெல்ட்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் மேஜை மீது மாதிரித் தேர்வுப் புத்தகங்கள் நாலைந்தாவது இருக்கும். ஒரு தேர்வை எழுதி, விடையைச் சரிபார்த்து, '40-க்கு 26' என்று ஓரத்தில் குறித்துவிட்டு, உடனே அடுத்ததைப் புரட்டுவீர்கள். வாரங்கள் ஓடும், அந்த 26 மட்டும் அசைந்து கொடுக்காது! பரீட்சைக் கட்டணமோ பல ஆயிரம் ரூபாய்.

கைவிட்டுப் போன 14 கேள்விகளை யார் திரும்பிப் பார்த்தார்கள்? சமாசாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

வாசிப்புப் பகுதியில் 'சரி, தவறு, சொல்லப்படவில்லை' என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. கெட்டிக்காரர்களைக் கவிழ்ப்பதற்கென்றே வைத்தது போலிருக்கும். விளையாட்டாக நாமே ஒன்று போட்டுப் பார்ப்போம். கட்டுரையில் உள்ள வரி: '1010-ஆம் ஆண்டில் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான்.' கேள்வி: 'ராஜராஜனின் மகனும் ஒரு பெரிய கோயில் கட்டினான்.'

"கங்கைகொண்ட சோழபுரம் எனக்குத் தெரியாதா?" என்று 'சரி' போடுகிறீர்கள். போயிற்று ஒரு மார்க்கு! சரித்திரப்படி சரிதான், ஆனால் கட்டுரையில் அந்தப் பேச்சே இல்லையே! 'சொல்லப்படவில்லை' என்பதே விடை. 'கோயிலைக் கட்டி முடித்தவன் ராஜேந்திரன்' என்றிருந்தால்தான் அது 'தவறு'. கட்டுரை அதை நேராக மறுக்கிறது அல்லவா?

விடையைப் பார்த்து, "ஓஹோ, அப்படியா!" என்று தலையாட்டினால் இது மனத்தில் நிற்காது. தப்பிய கேள்விகளின் எண்களை மட்டும் குறித்துக்கொண்டு விடைப் பக்கத்தை மூடுங்கள். கடிகாரத்தையும் திருப்பி வையுங்கள். பரீட்சையில்தான் 3 கட்டுரைக்கும் சேர்த்து 60 நிமிஷம். வீட்டில் என்ன அவசரம்? விடை ஒளிந்திருக்கும் வரியைத் தேடிப் பிடித்துக் கோடிடுங்கள். பிறகு, ஏன் ஏமாந்தீர்கள் என்று தனி நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள். அது வெறும் சால்ஜாப்பு. 'சிலர் என்றிருந்ததை எல்லோரும் என்று படித்தேன்', 'இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்ற இடத்தில் மூன்று எழுதினேன்' என்று எழுதினால் அதற்கு மருந்து உண்டு.

குருட்டாம்போக்கில் போட்டுச் சரியாக வந்த விடைகளையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள். (பரீட்சை அன்று தாராளமாகக் குருட்டாம்போக்கில் போடலாம். தப்பு விடைக்கு மார்க்கைக் குறைப்பதில்லை.)

ஐந்தாறு தேர்வு முடிந்ததும் நோட்டை எடுத்து ஒரே மூச்சில் படியுங்கள். ஒருவர் நோட்டில் 'சொந்த ஞானத்தை நம்பினேன்' என்றே திரும்பத் திரும்ப வரும். இன்னொருவர் நோட்டில் மூன்றாவது கட்டுரைக்கு நேரமே மிஞ்சியிராது. அவர் முதல் கட்டுரையை 20 நிமிஷத்துக்குள் மூடி வைக்கப் பழகட்டும். புதுப் புத்தகம் வாங்குவதெல்லாம் அப்புறம்.