பேகனிடம் வேண்டிய பரிசில்

'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்பது நாட்டு வழக்கு. அன்புடையார் இருவரிடையே மாறுபாடு தோன்றுவது இயல்பு. அது யார் செவியைச் சென்று சேர்கிறது என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமைகிறது.

திருப்பூரின் வரிசை வீடுகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம். பனியன் கம்பெனிகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் பலர் இத்தகைய வீடுகளில் குடியிருக்கின்றனர். ஒரே சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள். பலருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். இரவில் ஓர் அறையில் எழுந்த சொல், மறுநாள் தையல் எந்திரத்தின் அருகே வேறு வடிவில் வந்து நிற்கிறது. சனிக்கிழமைச் சம்பளம் பற்றிய சிறு மனத்தாங்கல், நான்கு வாய் கடப்பதற்குள் ஒருவரின் குணக்கேடு பற்றிய கதையாகிவிடுகிறது. கணவனும் மனைவியும் மறுநாளே சமாதானம் அடைந்துவிடலாம், கேட்டவர்கள் அடைவதில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அந்த ஊர்வாய் இன்று கைப்பேசிக்குள்ளும் புகுந்துள்ளது. சினத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இட்ட இரண்டு வரியை அழித்துவிடலாம். படித்தவர் நினைவிலிருந்து அழிக்க இயலாது.

நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதனை அடுத்த பெனின் நாட்டிலும் வாழும் யொரூபா மக்கள், பழமொழியைச் சொல்லின் குதிரை என்பர். சொல் தொலைந்துபோனால் பழமொழியின்மீது ஏறிச்சென்று தேடலாம் என்பது கருத்து. நாவும் பல்லும்கூடச் சண்டையிடும் என்பது அவர்கள் வழக்கு. பல் நாவைக் கடித்துவிடுகிறது. ஆயினும் இரண்டும் ஒரே வாய்க்குள்தான் இருந்தாக வேண்டும். 'நீரடித்து நீர் விலகாது' என்னும் தமிழ்ப் பழமொழியும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. எனினும் யொரூபா உவமையில் கூடுதலாக ஒரு நயம் உண்டு: இதழ்களை மூடிக்கொண்டால் அச்சண்டை வெளியே தெரிவதில்லை.

அவ்வாறாயின், துயருற்றவர் மனத்துக்குள்ளேயே புழுங்க வேண்டுமா என்னும் வினா எழும். அதற்கான விடை திருப்பூருக்கு அருகிலேயே கிடைக்கிறது. உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே உள்ள பழனி, சங்க காலத்தில் பொதினி எனப்பட்டது. அம்மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியை நாடிச் சென்றான். (இவள் சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள்.) இது குறித்துக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பாடிய ஐந்து பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன.

பரணரின் பாடலொன்றில், புலவர் யாழிசைத்துப் பேகனின் காட்டைப் பாட, அதைக் கேட்ட ஒருத்தி கண்ணீர் விடுகிறாள். அவனுக்கு உறவோ என்று புலவர் வினவுகிறார். விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தாம் அவன் சுற்றம் அல்லர் என்கிறாள். பின்னர், தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் ஓர் ஊருக்கு நாள்தோறும் வருவதாகப் பிறர் சொல்கின்றனர் என்கிறாள். தன் கணவன் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. தன் குறையை ஊரார் பேச்சாக ஏற்றிச் சொல்லிவிடுகிறாள். கேட்டவருக்குச் செய்தி முழுவதும் விளங்கியது. அவளது மானமும் காக்கப்பட்டது. அவள் சொன்னதும் பேகனிடம் எடுத்துரைக்கும் தகுதி உடைய ஒருவரிடம்.

ஐந்து பாடல்களும் பேகனை நோக்கியே பேசுகின்றன. தாம் பசித்து வரவில்லை, சுற்றத்தின் சுமையும் தமக்கு இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். அணிகலனும் செல்வமும் வேண்டா என்று அரிசில்கிழாரும் அதனையே கேட்கிறார். மயிலின் குளிருக்கு இரங்கியவனை இதைவிட நயமாக இடித்துரைக்க இயலாது. இப்பாடல்கள் எவற்றிலும் அவள் பெயர் இல்லை என்பது கருதத்தக்கது. கண்ணகி என்னும் பெயர் பாடல்களின் அடிக்குறிப்பால்தான் தெரியவருகிறது. (புலவர் செவியில் விழுந்தது ஏட்டில் ஏறிவிட்டது என்பதும் உண்மையே.)

மனத்தாங்கல் வேறு, வன்முறை வேறு. அடியும் மிரட்டலும் பட்டினி போடுதலும் குடும்ப மானத்தின் பெயரால் மூடி வைக்கத்தக்கன அல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. 181 என்னும் எண்ணில் பெண்களும், 1098 என்னும் எண்ணில் குழந்தைகளும் உதவி கோரலாம். 'இது எங்கள் வீட்டு விவகாரம்' என்று கூறித் தடுப்பவரிடம், மறைப்பது எவருடைய நன்மைக்காக என்று கேட்டே ஆக வேண்டும்.

வேலை தேடி வந்து குடியேறியோர்க்கு மற்றொரு குறையும் உண்டு. பூசலை ஆற்றும் மாமனும் அத்தையும் சொந்த ஊரில் இருக்கின்றனர். புலவர் நின்ற இடத்தில், இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவரோ அடுத்த எந்திரத்தில் தைக்கும் தோழியோ நிற்க நேர்கிறது. காதில் விழுந்ததைத் தேநீர் இடைவேளையில் பகிர்வதா, உரியவரிடம் தனியே எடுத்துரைப்பதா என்பது அவர் கையில் இருக்கிறது. பரணர் செய்தது இரண்டாவது. பேகன் வீடு திரும்பினான் என்றோ திரும்பவில்லை என்றோ அப்பாடல்கள் கூறவில்லை.