காலில் சுருளும் 'நரம்பு' நரம்பே இல்லை!

சாயங்காலம் ஆனால் கால் இரும்புக் குண்டு மாதிரி கனக்கிறதா? செருப்பு வார் பதிந்த தடம் கணுக்காலில் அப்படியே நிற்கிறதா? ராத்திரி தூக்கத்தில் ஆடுசதை சுண்டி இழுக்கிறதா? முழங்காலுக்குக் கீழே நீலமாக, மண்புழு சுருண்டு கிடப்பதுபோல் ஏதாவது புடைத்திருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்கள் கெங்கவல்லிப் பக்கம் இதை 'நரம்பு சுருட்டல்' என்பார்கள். "நரம்பு சுருட்டிக்கிச்சுங்க டாக்டர், நல்லா உருவி விட்டா சரியாயிடுமா?" என்று கேட்டு வருபவர்கள் நிறைய. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சுருண்டிருப்பது நரம்பு அல்ல. அது அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் ரத்தக்குழாய். இதைச் சிரை என்கிறோம். ஆங்கில வைத்தியத்தில் இந்த நோய்க்கு வெரிகோஸ் வெயின் என்று பெயர்.

ஏன் புடைக்கிறது?

காலுக்கு வந்த ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். இதற்கு இயற்கை இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறது. ஒன்று, ஆடுசதை. நாம் நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனால்தான் அதை 'இரண்டாவது இதயம்' என்கிறார்கள். இன்னொன்று, சிரைக்குள் இருக்கும் வால்வுகள். மேலே போன ரத்தம் கீழே இறங்காமல் கதவுபோல் மூடிக்கொள்பவை இவை.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும். நடக்க ஆரம்பித்தால் அதுவே 30-க்கும் கீழே இறங்கிவிடும். இதிலிருந்து என்ன தெரிகிறது? கெடுதல் நடப்பதில் இல்லை, நின்றது நின்றபடி இருப்பதில்தான்! வால்வு பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கி, சிரை விரிந்து, சுருண்டு போகிறது.

யாருக்கு வரும்?

தாய், தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். பல முறை கர்ப்பமானவர்கள், உடல் பருத்தவர்கள், வயதானவர்கள், முன்பு காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தவர்கள் ஆகியோருக்கும் வரும். இதோடு தொழிலும் சேர்கிறது. விசைத்தறி ஓட்டுபவர், பஸ் கண்டக்டர், பரோட்டா மாஸ்டர், ஆசிரியை, ஜவுளிக்கடை விற்பனைப் பெண் எல்லோரும் நின்றே பிழைப்பவர்கள்.

கர்ப்பத்தில் புடைத்தது பிரசவமான சில மாதங்களில் பெரும்பாலும் தானே குறையும். அவசரப்பட வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நோயாளியைப் படுக்க வைத்துப் பார்த்தால் புடைப்பு மறைந்துவிடும். நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். எந்த வால்வு பழுது என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். ஆடுசதையை அமுக்கி விட்டதும் ரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால், வால்வு வேலை செய்யவில்லை என்று பொருள். வலிக்காத, ஊசி இல்லாத சோதனை. ஆழ்சிரை நன்றாக இருக்கிறதா என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம். சித்த வைத்தியரிடம் போனாலும் சரி, இந்த ஸ்கேன் எடுத்துக்கொண்டு போங்கள் என்பேன். நாடி பார்க்கிற நானே சொல்கிறேன்!

என்ன சிகிச்சை?

தினமும் மூன்று நான்கு முறை, கால் மணி நேரம், இதய மட்டத்துக்கு மேலே கால் இருக்கும்படி தலையணை வைத்துப் படுங்கள். இதய பலவீனம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். நின்று வேலை செய்பவர்கள் அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இறுக்கமான காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே போட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும், நடந்தால் கால் வலித்து நின்றால் விடுபவர்களும் சுத்த ரத்தக்குழாயைச் சோதித்த பிறகே போடலாம்.

சித்த மருத்துவத்தில் மலச்சிக்கலுக்குத் திரிபலா சூரணம் தருகிறோம். முக்கினால் சிரையில் அழுத்தம் ஏறும் அல்லவா? வல்லாரைச் சத்து கால் கனத்தையும் வீக்கத்தையும் குறைக்குமா என்று வெளிநாடுகளிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். புண்ணுக்கு மத்தன் தைலம் போடுவது உண்டு. ஆனால் கட்டுப் போடாமல், காலை உயர்த்தாமல் தைலம் மட்டும் புண்ணை ஆற்றாது. கெட்டுப்போன வால்வைத் திரும்பச் சரியாக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. இருப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள். புடைத்த சிரையை அழுத்தி உருவவும் கூடாது.

பழுதான சிரையை லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டினால் மூடிவிடலாம். சிறிய சிரை என்றால் ஊசி மருந்திலேயே சுருங்க வைக்கலாம். தேவைப்பட்டால் ஆபரேஷன். "சிரையையே அடைச்சுட்டா ரத்தம் எப்படிப் போகும்?" என்று பயப்படுகிறார்கள். கால் ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் ஆழ்சிரை வழியாகத்தான் போகிறது. பைபாஸ் ஆபரேஷனுக்கு இதயத்தில் வைத்துத் தைக்க எடுப்பதே காலின் இந்த மேல்சிரையைத்தானே!

எப்போது ஓட வேண்டும்?

கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம் தோல் கறுத்து அரித்தால் அடுத்தது புண்தான். அதை 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள். சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அதற்கு மேலே கயிறு கட்டாதீர்கள். திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, கூடவே மூச்சுத் திணறினாலோ கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆத்தூரோ சேலமோ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உட்காரவும் உரிமை உண்டு

என்னிடம் வரும் ஜவுளிக்கடைப் பெண்கள் சிலர், புண் வந்த பிறகும் புடவையை இழுத்துவிட்டு மறைத்தபடி வேலைக்குப் போகிறார்கள். "உக்காந்தா முதலாளி திட்டுவாருங்க" என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: கேரளம் 2018-ல் செய்ததைப்போல், 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அதன் 22-ஏ பிரிவின்படி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். இது சலுகை அல்ல, சட்டம்.

கடை வைத்திருக்கும் வாசகர்களே, நாளைக்கே நாலு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். வீட்டில் மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் ஒன்று வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற செலவைவிட எவ்வளவோ குறைவு.